பின் சக்கரம் இறங்கும் இடம்

நவம்பர் 3, ஞாயிறு. கி.மீ. 3,18,206

டயர் கடையில் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி இது. ஆயில் மாற்றிய தேதி, கிரீஸ் வைத்த தேதி தவிர இதில் நான் வேறெதையும் எழுதியதில்லை. இனியும் வண்டியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

இன்று காலையிலிருந்து வண்டியைக் கழுவினேன். பதினெட்டு வருஷமாகக் கருவேலங்கரி மூட்டை ஏற்றின பிக்கப். சீட்டுக்கு அடியில், கதவுக்குள்ளே, கண்ணாடி ரப்பர் இடுக்கில் என்று எங்கே தொட்டாலும் கரித்தூள். ஏழு வாளித் தண்ணீரும் கறுப்பாகவே ஓடியது. எட்டாவது வாளி சாம்பல் நிறத்துக்கு வந்தது. போதும் என்று விட்டேன்.

சீனியம்மாவை வருகிற பதினொன்றாம் தேதியிலிருந்து மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை, மூன்று வாரம், பதினைந்து தடவை கரண்ட் வைக்க வேண்டுமாம். ரேடியேஷனை அப்படித்தான் சொல்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மார்பில் வெட்டி எடுத்த சனியன் இப்போது முதுகெலும்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. சேஸில் துரு என்றால் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

மத்தியானம் மைத்துனன் போத்திராஜ் வந்தான். "மச்சான், என் காரை எடுத்துக்கிருங்க. போக அறுபத்தஞ்சு, வர அறுபத்தஞ்சு. இந்தப் பிக்கப்புல அக்காவை வச்சுக் கூட்டிட்டுப் போனா இடுப்பு தனியாக் கழண்டுரும்."

"என் பொண்டாட்டிய ஏத்த எனக்கு வண்டி இருக்குடா. உன் சோலியப் பாரு" என்றேன்.

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் சிரித்தாள். "உன் மச்சானுக்கு வண்டியச் சொன்னா ரோசம் வந்துரும், விடு தம்பி" என்றாள்.

திருப்பூரில் மகளுக்கு இது ஒன்பதாவது மாதம். அவளிடம் எதையும் சொல்லக்கூடாது என்று சீனி சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

நவம்பர் 5, செவ்வாய்

இடது பக்க சீட்டைக் கழற்றினேன். உள்ளே பஞ்சு இல்லை, பொடிதான் இருந்தது. புது ரப்பர் பஞ்சு இரண்டு அடுக்கு வைத்து, மேலே அவளுடைய பழைய சுங்குடிச் சேலையை மடித்துத் தைத்தேன். சீட்டு சாய்வதற்குப் பின்னால் இடம் பற்றவில்லை. கேபின் தகட்டை நாலு விரல் அளவு தட்டி உள்வாங்கினேன். இந்த வண்டியில் என்னைத் தவிர வேறெவன் கையும் பட்டதில்லை. மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன் ஒரு நட்டைக் கழற்றினால் இரண்டு நட்டைத் தொலைப்பான்.

சீனி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, சித்த நேரம் வந்து உக்காருங்களேன்."

இரு, வாரேன் என்றேன். முடித்துவிட்டுப் போனபோது தூங்கியிருந்தாள்.

நவம்பர் 7, வியாழன். கி.மீ. 3,18,341

மதுரை போய் அவள் முதுகில் மையால் கோடு போட்டுக்கொண்டு வந்தோம். கரண்ட் எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாம். போகும்போது வண்டி கல்லு மாதிரி உதை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

நர்ஸம்மா ஏதேதோ சொன்னாள். எருமைமாட்டு மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். "எழுதிக்கிருங்க" என்று சீனி இடித்தாள். எழுதியதை இங்கே படியெடுக்கிறேன்:

ஷாக்கப் இரண்டு, ரப்பர் புஷ் எட்டு, யூ போல்ட் நான்கு. கால் மரத்துப்போனாலோ, நடை தடுமாறினாலோ, ஒன்றுக்குப் போவது தெரியாமல் போனாலோ ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்காமல் கொண்டுவர வேண்டும். கிரீஸ் அரைக் கிலோ. கதவு ரப்பர்.

நவம்பர் 10, ஞாயிறு

ஷாக்கப் இரண்டும் மாற்றினேன். பழைய புஷ் எல்லாம் ஓட்டை உடைசல். வெயிலில் வண்டிக்கு அடியில் படுத்தே முதுகு வெந்துவிட்டது. நாளைக்குப் பார்ப்போம்.

நவம்பர் 11, திங்கள். கி.மீ. 3,18,472

முதல் நாள். போகவர அவள் "அம்மா" என்றது இருபத்து மூன்று தடவை. எண்ணிக்கொண்டே ஓட்டினேன். எண்ணினால்தானே எங்கே கோளாறு என்று தெரியும்?

இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் சுளீரென்று இழுக்கிறதாம். ரோடு போட்டவன் எவனோ, அவன் வீட்டில் நல்ல சாவு விழாது. காரியாபட்டி பக்கம் நான்கு வேகத்தடை. எல்லாவற்றையும்விட மோசம் நம் ஊரைத் தாண்டினதும் வரும் ரயில்வே கேட். முன் சக்கரம் ஏறும்போது ஒன்றுமில்லை. பின் சக்கரம் தண்டவாளத்திலிருந்து இறங்குகிறது பார், அப்போதுதான் "அம்மா". அப்படியென்றால் கோளாறு பின்னால்தான். ஸ்பிரிங் பட்டை.

அம்மா: 23.

நவம்பர் 13, புதன்

அம்மா: 21. டயரில் காற்றைக் குறைத்ததில் இரண்டு குறைந்திருக்கிறது.

நவம்பர் 15, வெள்ளி

அம்மா: 22. கேட்டில் அழுதுவிட்டாள். வண்டியை ஓரங்கட்டினேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கீழே இறங்கிப் பின் சக்கரத்தைப் பார்த்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் மேலே ஒன்றன் மேல் ஒன்றாக ஏழு பட்டை. ஒன்றரை டன் கரியைத் தாங்கச் செய்தது. நாற்பத்தைந்து கிலோகூட இல்லாத ஒரு பொம்பளைக்கு அது எங்கே வளையும்? லோடு ஏற்றின வண்டி தொட்டில், காலி வண்டி கழுதை என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு.

சேஸை ஜாக்கி போட்டுத் தூக்கி, கல் அடுக்கி நிறுத்தினேன். பட்டையை அச்சோடு பிடித்திருக்கிற யூ போல்ட் துருப்பிடித்து அசையவே இல்லை. டீசலை ஊற்றி, அடித்து, திட்டி, மறுபடி அடித்து, மூன்று மணி நேரம் ஆனது. இரண்டு பக்கமும் அடியிலிருக்கும் கனத்த பட்டையை உருவினேன். மிச்சம் ஆறு பட்டைக்கும் இடையில் கிரீஸ் தடவி, கட்டி, முறுக்கினேன். கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது.

சீனி சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏங்க, ஞாயித்துக்கெழமதான. வந்து உக்காந்தா என்ன?"

"உனக்காகத்தானடி படுத்துக் கெடக்கேன்?"

"எனக்காகத்தான்" என்றாள். சன்னலைச் சாத்தவில்லை.

நவம்பர் 18, திங்கள். கி.மீ. 3,19,140

அம்மா: 14. பட்டை வேலை செய்கிறது!

சாயங்காலம் கண்மாய்க்கரை மண்ணைச் சாக்கில் அள்ளிப் பத்து மூட்டை பின்னால் ஏற்றினேன். மூட்டையெல்லாம் அச்சுக்கு நேர் மேலே. ஊரில் ஒருத்தன் கேட்டான், "என்ன அண்ணே, மதுரைக்கு மண்ணு யாவாரமா?" போடா போ என்றேன்.

நவம்பர் 19, செவ்வாய்

அம்மா: 9. யூ போல்ட்டை மறுபடி முறுக்கினேன். நூறு கிலோமீட்டர் ஓடினதும் முறுக்க வேண்டும். அதை மறக்கிறவன் வண்டி வைத்திருக்க லாயக்கில்லை.

நவம்பர் 21, வியாழன்

அம்மா: 6. கரண்ட் வைத்தாலும் வலி குறையும் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கட்டும். அவர் பங்கு அவருக்கு, என் பங்கு எனக்கு.

நவம்பர் 22, வெள்ளி

அம்மா: 3. வீட்டுப் படியேறும்போது சீனி தடுக்கி விழப்பார்த்தாள். பிடித்துவிட்டேன். நான்கு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். "காலு மதமதன்னு வருதுங்க" என்றாள்.

கால் வைத்துக்கொள்ள ஒரு பலகை வேண்டும். இத்தனை நாள் எனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

நவம்பர் 24, ஞாயிறு

காலுக்குப் பலகை செய்தேன். வேப்பம்பலகை, சாய்வாக, மேலே சாக்கு ஒட்டி. உட்காரவைத்து அளவு பார்த்தேன். "சௌகரியமா இருக்கா?" என்றேன். "ம்" என்றாள். பலகையில் பாதம் சரியாக நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஓரத்தில் ஒரு ரீப்பர் கட்டையை அடித்தேன். நின்றது.

நவம்பர் 26, செவ்வாய். கி.மீ. 3,19,927

அம்மா: 0.

போகும்போதும் இல்லை, வரும்போதும் இல்லை. கேட்டில்கூட இல்லை! பின் சக்கரம் இறங்கினது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வலிச்சுச்சா?"

"இல்லங்க."

"நெசமா?"

"ஆடவே இல்லங்க. காருல போற மாதிரி இருக்கு."

கேட்டதா போத்திராஜு! காரில் போகிற மாதிரி இருக்கிறதாம். பதினெட்டு வயசு பிக்கப், என் கையால் செய்தது. வீடு வரைக்கும் சீட்டியடித்துக்கொண்டே வந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கண்மாய்க்கரை முனியசாமிக்குத் தேங்காய் உடைத்தேன். வெகு நாளைக்கப்புறம் நல்லாத் தூங்கப்போகிறேன்.

நவம்பர் 27, புதன்

அம்மா: 0.

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டிக்கு மாற்றும்போது பார்த்தால் இடது கால் செருப்பைக் காணோம். காரியாபட்டியில் டீக்குக் கதவைத் திறந்தபோது விழுந்திருக்கும். "கால்ல கெடக்கிற செருப்பு விழுந்ததுகூடத் தெரியாதா ஒனக்கு? எங்க இருக்கு புத்தி?" என்று சத்தம் போட்டுவிட்டேன். வரும் வழியில் தேடினேன், கிடைக்கவில்லை.

நவம்பர் 28, வியாழன்

அம்மா: 0.

மழை. சாயங்காலம் அவளைத் தூக்கி இறக்கிவிட்டு வந்து பார்த்தால் சீட்டு ஈரம். எங்கிருந்து ஒழுகுகிறது என்று புரியவில்லை. கதவு ரப்பரைப் போன வாரம்தான் மாற்றினேன். முன் கண்ணாடி இடுக்கைத் தடவிப் பார்த்தேன், காய்ந்திருக்கிறது. வெளியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைக் கதவில் அடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

அவளிடம் கேட்டேன். "தண்ணி பாட்டில் சாஞ்சிருச்சுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

பாட்டில் நிறையத்தான் இருந்தது. கதவுப் பிடிக்குக் கீழே இன்னொரு ரப்பர் ஒட்டினேன்.

நவம்பர் 29, வெள்ளி. கி.மீ. 3,20,252

பதினைந்தாவது நாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கரண்ட் முடிந்ததும் பெரிய டாக்டரம்மா பார்க்க வேண்டும் என்றார்கள். கட்டிலில் படுக்கவைத்து, "வலது காலைத் தூக்குங்கம்மா" என்றார். சீனி தூக்கவில்லை. "இடது காலை?" சீனி மோட்டுவளையைப் பார்த்தாள். டாக்டரம்மா கையிலிருந்த பேனாவின் முனையால் உள்ளங்காலில் ஒரு கோடு கிழித்தார். பேனாவை அழுத்திக் கிழித்ததை நான் பார்த்தேன். அவள் கால் அங்கேயே கிடந்தது.

"எத்தனை நாளா இப்படி?" என்று என்னைக் கேட்டார்.

"வலி இல்லீங்கம்மா. வண்டிய நல்லாக்கிட்டேன். பட்டையக் கழட்டிட்டு, மண்ணு போட்டு..." என்று உளறினேன்.

"ஐயா, தேதி வேணும். சரியா என்னைக்கு?"

கீழே போய் வண்டியிலிருந்து இந்த டைரியை எடுத்துவந்தேன். அவருக்கு முன்னால் புரட்டினேன். இருபத்து மூன்று, இருபத்தொன்று, பதினான்கு, ஒன்பது, ஆறு, மூன்று. அவர் விரலை வைத்து நிறுத்தினார். "இதென்ன, அம்மா சைபர்?"

சொன்னேன். அவர் முன்பக்கமாகப் புரட்டி இருபத்திரண்டாம் தேதியைப் படித்தார். பிறகு இன்னும் முன்னால் புரட்டி ஏழாம் தேதிக்குப் போனார். ஷாக்கப் இரண்டு, ரப்பர் புஷ் எட்டு. அதற்கடுத்து நர்ஸம்மா சொன்னது என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. படித்திருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம்.

"போன வெள்ளிக்கிழமையே வந்திருந்தா" என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டு, நர்ஸிடம் ஊசிப் பெயர் சொன்னார்.

படியில் தடுக்கினாளே, அந்த வெள்ளிக்கிழமை. நான் பலகை அறுத்தேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஊசி போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆபரேஷன் தாங்கமாட்டாள் என்கிறார்கள். நான் பாவி.

டிசம்பர் 3, செவ்வாய்

வார்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார் உட்கார் என்றாளே, இப்போது உட்கார்ந்தே இருக்கிறேன். பதினெட்டு வருஷத்தில் இவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. கை எதையாவது முறுக்கத் துடிக்கிறது. அவள் பாதத்தைப் பிடித்துவிடுகிறேன். பிடித்துவிடுவது அவளுக்குத் தெரியாது.

"ஏண்டி சொல்லல?" என்று கேட்டேன். கேட்கக்கூடாதுதான். கேட்டுவிட்டேன்.

"மொதல்ல எனக்கும் வண்டிதான் நல்லாயிருச்சுன்னு தோணுச்சுங்க. நெசமா."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க சீட்டியடிச்சீங்க." போர்வை ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எம்புட்டு நாளாச்சு நீங்க சீட்டியடிச்சு. நாளைக்குச் சொல்லிக்கிருவம்னு விட்டேன். அப்புறம் சீட்டு நனைஞ்சிருச்சு. அத எந்த வாயால சொல்ல?"

நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். போத்திராஜ் வந்து தோளைப் பிடித்தான். "மச்சான், விடுங்க மச்சான்" என்றான். காரைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

டிசம்பர் 5, வியாழன்

கால் இனித் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். நோய் மற்ற இடத்துக்கும் பரவியிருக்கிறதாம். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எத்தனை நாள் என்று கேட்டேன். பொங்கல் வரைக்கும் என்றார் டாக்டரம்மா. போத்திராஜ் மகளுக்குப் போன் போடப் போயிருக்கிறான்.

டிசம்பர் 7, சனி. கி.மீ. 3,20,317

சீனியைப் போத்திராஜிடம் விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். மண்மூட்டை பத்தையும் இறக்கினேன். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, கழற்றி வைத்திருந்த இரண்டு பட்டையையும் திரும்பப் போட்டேன். டயரில் பழையபடி காற்று அடித்தேன்.

டாக்டர் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. விழுந்தும்தான் போட்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவளுக்கு வலித்துவிடாதா? கட்டின பொண்டாட்டிக்கு வலிக்க வேண்டும் என்று வேண்டுகிறவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். முனியசாமியிடம் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

டிசம்பர் 8, ஞாயிறு. கி.மீ. 3,20,447

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம்.

போத்திராஜ் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு, "காருலயே போகட்டும்டா" என்றேன். சீனி கேட்கவில்லை. "நம்ம வண்டியிலயே போவம். பழகிருச்சு" என்றாள். தூக்கி உட்காரவைத்து, சாயாமல் இருக்கத் துண்டை மார்புக்குக் குறுக்கே கட்டினேன். கதவைச் சாத்தும்போது கண்ணாடியில் பின்னால் பார்த்தாள்.

"மண்ண எறக்கிட்டீங்களா?"

"ம்."

கண்ணாடியை விட்டு என் முகத்துக்குத் திரும்பினாள். காலி வண்டி, ஏழு பட்டை. காரியாபட்டி வேகத்தடையில் என் பல்லே ஒன்றோடொன்று இடித்தது. அவள் தலை சீட்டில் மோதி மோதி நின்றது. சத்தமில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. இல்லை. அருப்புக்கோட்டை தாண்டினேன். காதைத் தீட்டி வைத்துக்கொண்டு ஓட்டினேன். இஞ்சின் சத்தம் எனக்கு இடைஞ்சலாக இருந்தது. அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ரயில்வே கேட் வந்தது. வழக்கமாக நின்று ஊர்கிற இடம். இன்று நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

"அம்மா" என்றாள்.

முன் சக்கரம்கூட இன்னும் தண்டவாளத்தில் ஏறவில்லை. அதற்கப்புறம்தான் ஏறியது, அதற்கும் அப்புறம் பின் சக்கரம் ஏறி, தடாலென்று இறங்கியது.

"வலிக்குதா சீனி?" என்றேன்.

"ஆமாங்க, வலிக்குது" என்றாள். "கொஞ்சம் மெதுவாப் போங்க."

"சரி" என்றேன். வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியரில் வீடு வரைக்கும் மெதுவாகவே ஓட்டி வந்தேன்.

அம்மா: 1.